மிஸ்ஸை ஊருக்கு அனுப்ப வேண்டும்

நான் ஒருநாளும் போயிராத ஊர் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. போகாமலே அது எனக்கு அலுத்துப்போய்விட்டது. சின்ன ஊர். நடுவில் ஓர் ஆறு, ஆற்றுக்கு மேலே வளைவு வளைவாகக் கட்டிய பழைய கல்பாலம், பாலத்தின் ஒரு தலைப்பில் குதிரை வண்டிக் காலத்துச் சத்திரம், மற்றத் தலைப்பில் மாவு அரைக்கும் ஆலை. சந்தை கூடும் இடத்தில் கல்தூண்களின்மேல் நிற்கிற ஒரு மண்டபம். அதன் கீழே முதலில் கம்பளி விற்றார்களாம், பிறகு வெண்ணெய் விற்றார்களாம். தேவாலயத்துக் கோபுரச் சுவரில், எப்போதோ அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த சண்டையில் பட்ட பீரங்கிக் குண்டின் தழும்பு. இவை எல்லாவற்றையும் நான் தெரிந்துகொண்டது வெள்ளவத்தையில், எங்கள் வீட்டு விறாந்தையில், பின்னேரத் தேநீரோடு.

சொன்னவர் எங்கள் வீட்டு முன்னறையில் குடியிருந்த ஆங்கிலேயப் பெண்மணி. மிஷன் பெண்கள் பாடசாலை ஒன்றில் இளவயதிலிருந்து படிப்பித்து, தலை முழுக்க நரைத்தபின் ஓய்வு பெற்றவர். பாடசாலை விடுதியில் அவருடைய அறையைப் புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கப்பலேறிப் போக ஆயத்தமாகும் நேரத்தில் யுத்தம் தொடங்கிவிட்டது. கொஞ்சக் காலத்துக்குத்தான் என்று சொல்லி எங்கள் முன்னறைக்கு வந்தார். யுத்தம் முடியும்வரை இருந்தார். எல்லோருக்கும் அவர் மிஸ்தான். மீன்காரனுக்குக்கூட.

எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு லேனில் இருந்தது. லேன் முடிகிற இடத்தில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அம்மா நான் பாடசாலை போகும் காலத்திலேயே காலமாகிவிட்டார். அப்பா துறைமுகக் கந்தோரில் பெரிய கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கன்னியர் பாடசாலையில் டீச்சர். காலையில் கோட்டை வரைக்கும் ரயில், அங்கிருந்து ட்ராம், பிறகு நடை. பின்னேரம் அதே வழியால் திரும்பி வருவேன், திருத்த வேண்டிய கொப்பிகளும் கையில் சுண்ணாம்புத் தூளுமாக. படலையைத் திறக்கும்போதே அப்பாவின் குரல் கேட்கும். அவர் மிஸ்ஸிடம் ஆற்றைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார்.

இதில் அப்பாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கு ஊர் என்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமம். வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கொழும்பில் கழித்தவர். ஆனாலும் கொழும்பில் இருப்பதை அவர் இருப்பாகவே எண்ணவில்லை. எங்கள் லேன் முழுக்க அப்படித்தான். கட்டிய வீட்டை ‘கொழும்பு வீடு’ என்பார்கள், வீடு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சித்திரைக்கும் ஆவணிக்கும் கதவுகளைப் பூட்டிவிட்டு ரயிலேறிவிடுவார்கள். வருத்தம் முற்றிய கிழவர்களைப் படுத்த படுக்கையாகத் தூக்கி ரயிலில் ஏற்றுவதையும் கண்டிருக்கிறேன், ஊரில் போய்ச் சாகட்டும் என்று. ஒருவரை ஒருவர் வழியில் கண்டால் முதலில் கேட்பது ‘எப்ப ஊருக்கு?’ என்பதுதான். அதில் கேள்வி ஒன்றும் இல்லை. சுகமாக இருக்கிறீர்களா என்பதற்குப் பதிலாக வருகிற வார்த்தை அது. பதிலை யாரும் நின்று கேட்பதில்லை.

அந்த வார்த்தையை அப்பா மிஸ்ஸிடமும் தினமும் கேட்டார். இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்பார்கள். ‘ஊருக்கு எப்போது போகிறீர்கள்?’ என்று தொடங்குவார். மிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, யுத்தம் முடிந்த பிறகு போகலாம் என்று நினைப்பதாக முறையாகப் பதில் சொல்லுவார். அடுத்ததாக அப்பா ஊர் எப்படி என்று கேட்பார். மிஸ் பாலத்திலிருந்து ஆரம்பிப்பார்.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணறுதான் உண்டு, கிணற்றுக்குப் பங்கு உண்டு, பங்குக்கு வழக்கு உண்டு. அப்பாவுக்கு ஓர் ஊருக்கு நடுவில் வருஷம் முழுக்கச் சும்மா தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நம்பவே முடியவில்லை. அந்த ஆற்றில் குளிப்பார்களா என்று கேட்டார். குளிர் அதிகம், குளிக்க மாட்டார்கள் என்றார் மிஸ். அப்படியானால் வயலுக்குப் பாய்ச்சுவார்களா? இல்லை, அதற்கு மழையே போதும். குடிக்க? குடிப்பதற்குக் குழாய் இருக்கிறது. ஆலைக்காரனைத் தவிர வேறு யாருக்கும் அந்த ஆறு பயன்படுவதில்லை என்பது தெளிவானபோது, பின் எதற்காக ஆறு என்று அப்பா கேட்டார். மிஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பார்ப்பதற்கு” என்றார்.

அப்பா தேநீர்க் கோப்பையோடு குசினிக்கு எழுந்து வந்தார். “கேட்டியோ பிள்ளை? பாக்கிறதுக்கு ஒரு ஆறு வச்சிருக்கினம். அதை விட்டிட்டு இந்த மனுசி எங்கட லேனில கிடந்து வேகுது” என்றார். மிஸ்ஸை அந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது அன்றைக்கே அவர் மனத்தில் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் அந்த ஊர் வளர்ந்தது. ஆற்றில் அன்னங்கள் உண்டு, அவை அரசனுக்குச் சொந்தம். பாலத்தடிச் சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களை ஒவ்வொரு தரமும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தியில் ஒரு மணி அடிக்கும். முன்னாளில் நெருப்பை அணைத்துவிட்டுப் படுக்கச் சொல்வதற்காக அடித்த மணி, இப்போது காரணம் எதுவுமின்றி அடிக்கிறார்கள். ஆலைக்குப் பின்னால் ஆற்றோரமாக வரிசையாகச் சில சிறு வீடுகள். ஒரு பணக்காரக் கம்பளி வியாபாரி தன் ஆன்மா கடைத்தேற வேண்டுமென்று, ஆதரவற்ற கிழவிகளுக்காகக் கட்டிவிட்டது. ஒருத்திக்கு ஓர் அறை, ஓர் அடுப்பு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உட்காரத் தனியான வாங்கு. எங்கள் பக்கத்து மடம் போலத்தான் என்று அப்பா மிகவும் மெச்சினார். நான் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே பிழையை வகுப்பு முழுவதும் செய்திருந்தது. ஒரே பாலத்தை அவர்கள் இருவரும் மறுபடி கடந்துகொண்டிருந்தார்கள்.

ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டபோது எங்கள் லேன் ஒரு கிழமைக்குள் காலியானது. ஊர் உள்ளவர்கள் எல்லோரும் ஊருக்கு ஓடினார்கள். நாங்களும் ஓடினோம். மிஸ்ஸையும் வரச்சொல்லி அப்பா வற்புறுத்தினார். வீட்டை யார் பார்ப்பது என்று சொல்லி அவர் நின்றுவிட்டார். மாதங்கள் கழித்து நாங்கள் திரும்பி வந்தபோது வீடு கண்ணாடியாக இருந்தது. கோழிகள் கொழுத்து நடக்க முடியாமல் நடந்தன. மீன்காரனோடு மிஸ் சிங்களத்தில் பேரம் பேசிக்கொண்டிருந்தார், நாங்கள் போகும்போது இருந்ததைவிடச் சரளமாக. நான் கண்டவரைக்கும் சந்தோஷமாகவே இருந்தார். அப்பா கண்டது வேறு.

“பாவம் பிள்ளை” என்றார் என்னிடம். “ஆபத்துக்கு ஓடிப்போக ஒரு ஊர் கிட்ட இல்லாமல் போச்சுது அவவுக்கு. சண்டை முடிய எப்பிடியும் மிஸ்ஸை ஊருக்கு அனுப்ப வேணும்.”

யுத்தம் முடிந்தது. காலி வீதியில் சீனவெடி கொளுத்தினார்கள். அப்பா விறாந்தையில் நின்றபடி மிஸ்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கி, இனி நீங்கள் ஊருக்குப் போகலாம் என்றார். ஆம், இனிப் போகலாம்தான் என்றார் மிஸ். யுத்தம் நின்றுவிட்டதே என்று கலங்கிய ஒரு முகத்தை அன்று நான் பார்த்தேன்.

அன்று நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மிஸ் குசினிக்கு வந்தார். வழக்கமாக வராதவர்.

“உன் அப்பாவுக்கு முன்னறை தேவைப்படுகிறதா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஏன் கேட்கிறீர்கள் என்றேன்.

“தினமும் எப்போது போகிறீர்கள் என்று கேட்கிறாரே. ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. இவ்வளவு காலம் பொறுத்தவருக்கு நான் இனியும் தடையாக இருக்கக் கூடாது. ஆனால் எனக்குப் போக இடமில்லை.”

கத்தியைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷமாக அப்பாவின் சுகவிசாரிப்பை இவர் அறையைக் காலிசெய்யச் சொல்லும் நோட்டீஸாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்களுக்குள் அது சும்மா ஒரு பேச்சு, ஊர் எப்போது என்று நாங்கள் நாய்க்குட்டியிடமும் கேட்போம் என்று சொன்னேன். மிஸ் என் தோளைத் தட்டினார். நல்ல பிள்ளை என்கிற தட்டல் அது. நம்பவில்லை.

பிறகு அந்த ஊரின் மறுபக்கத்தைச் சொன்னார். விறாந்தையில் ஒருநாளும் சொல்லாதது. யுத்தத்துக்கு முன்பு லீவில் ஒரு தரம் அங்கே போயிருக்கிறார். தாயும் தகப்பனும் தேவாலய மதிலுக்குள் போய்ப் படுத்திருந்தார்கள். இருந்த ஒரே தமையனும் அவர்களுக்குப் பக்கத்தில். அவர் பிறந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பாண் வாங்கப் போன கடையில் கடைக்காரி நல்ல மரியாதையாக, அம்மா எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாளாம். வெயிலில் காய்ந்த முகத்தோடும் இங்கே தைத்த சட்டையோடும் நின்ற மிஸ், பாலத்தடியில் பிறந்தவள் நான் என்று சொல்ல வெட்கப்பட்டு, இலங்கையிலிருந்து என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மிச்ச லீவு முழுக்க மழை. திரும்பும் கப்பலுக்கு நாள் பார்த்துக்கொண்டு ஜன்னலடியில் இருந்தாராம்.

“பிறகு எதற்காக ஒவ்வொரு நாளும் அந்த ஊர்ப் புராணம்?” என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். அவ்வளவு அலுப்பு எனக்கு.

“உன் அப்பா கேட்கிறார். இவ்வளவு ஆசையாகக் கேட்பவருக்குப் பதில் சொல்லாமல் எப்படி இருப்பது?” என்றார். “எனக்கு இந்த அறை போதும். கடைசிவரைக்கும் இங்கேயே இருக்க விட்டால் போதும். ஆனால் அதை நானே கேட்டால் அவரால் மறுக்க முடியாது. அது நியாயமில்லை.”

அன்றே அப்பாவிடம் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. மிஸ்ஸுக்கு ஊரில் ஒருவரும் இல்லை, போக விருப்பமும் இல்லை, இங்கே இருக்கத்தான் ஆசை என்றேன். அவருடைய கேள்வியை அறையைக் காலிசெய்யச் சொல்வதாக மிஸ் எண்ணியதை மட்டும், அப்பாவின் மனம் நோகும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது மரியாதைக்குச் சொல்லுறது, பிள்ளை. தன்னால எங்களுக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாது எண்டு நினைக்கிறா. ஊருக்குப் போக விருப்பமில்லாத மனுசர் எங்கயும் இருக்கினமே? அதுவும் ஆறு ஓடுற ஊர்.”

“அவவே சொன்னவ, அப்பா.”

“என்னட்டச் சொல்லேல்லையே. நாள் தவறாமல் ஊரைப் பற்றித்தானே என்னோட கதைக்கிறா.”

ஒருவர் கேட்பதால் மற்றவர் சொன்னார். மற்றவர் சொல்வதால் இவர் கேட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மரியாதையால் நெரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் ஒருத்தி, இரண்டு பக்கத்துக்கும் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு பக்கத்திலும் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கப்பலில் இடம் கிடைப்பது அப்போது லேசான காரியமல்ல. பட்டாளத்துக்காரரை ஏற்றிப் போகவே கப்பல் போதவில்லை. மிஸ்ஸின் பயணத்துக்கு மிஷன் பொறுப்பு. இடம் பிடிக்கிற பொறுப்பை அப்பா தானாக எடுத்துக்கொண்டார். கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார், கத்தோலிக்கர். துறைமுகக் கந்தோரில் அப்பாவின் கீழ் வேலை பழகி, பிறகு ஒரு கப்பல் ஏஜென்ட் கந்தோருக்கு மாறிப்போனவர். அவரிடம் சொல்லிவை என்று அப்பா என்னை ஏவினார். அவருடைய வீடு என் பாடசாலைக்குக் கிட்டத்தான்.

பாடசாலை விட்டதும் போனேன். கப்பல்களின் சங்கு வீட்டுக்குள்ளேயே கேட்கும் தெரு அது. முன்கதவடியில் பனியனோடு இருந்து விசிறிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்றுவரை மறக்கவில்லை, ஏனென்றால் வெள்ளவத்தையில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

“அவவுக்குப் போக விருப்பமா, டீச்சர்?”

இல்லை என்றேன். முழுவதையும் சொன்னேன். அவர் விசிறியால் முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தார். “எங்கட சேருக்கு, உங்கட அப்பாவுக்கு, இது விளங்காது. நாங்க பரம்பரையா கொட்டாஞ்சேனை ஆக்கள். ஆராவது எந்த ஊர் எண்டு கேட்டா நான் இந்தத் தெருவைத்தான் காட்டுவன். சேர் அதை நம்பவே மாட்டார். ‘அது சரி தம்பி, உண்மையான ஊர் எது’ எண்டு திருப்பிக் கேப்பார்.”

“இடம் கிடைக்காமல் செய்ய ஏலுமோ?” என்று கேட்டேன்.

“சேர் கேட்டா ஏலாது எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா கப்பல் நிறைஞ்சு போச்சு எண்டு சொல்லலாம். அது பொய்யும் இல்லை.” விசிறியை மடியில் வைத்துவிட்டு, “எத்தினை மாசத்துக்கு இப்பிடிச் சொல்லுறது? அவ ஒரு வார்த்தை சேரிட்டச் சொன்னா எல்லாம் முடிஞ்சுது” என்றார்.

அவர் வாக்குத் தவறவில்லை. மழைக்காலம் முழுக்கக் கப்பல்கள் நிறைந்துகொண்டே இருந்தன. நான் வாராவாரம் கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தச் செய்தியை அப்பாவிடம் கொண்டுவந்தேன். அப்பா உச்சுக்கொட்டினார். மிஸ் நிதானமாகத் தேநீரை ஊற்றினார். அந்த மாதங்களில் பின்னேரங்கள் எனக்கும் பிடித்திருந்தன. பாலத்தையும் ஆலையையும் பற்றிக் கேட்டும் அலுக்கவில்லை. நடக்காத பயணத்தின் பேச்சு யாரையும் ஒன்றும் செய்யாது என்று எண்ணியிருந்தேன்.

அப்பாவின் பிடிவாதத்தை நான் குறைத்து மதித்துவிட்டேன். ஒருநாள் காலை அவர் பெட்டியிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, குடையோடு தானே கோட்டைக்குப் போனார். எங்கள் நண்பரிடம் போகவில்லை. அவருக்கு மேலே இருந்த துரையிடம் நேரே போய், யுத்தக் காலம் முழுக்கத் தன் ஊரைக் காணாமல் ஏங்கிக்கொண்டிருக்கிற ஒரு முதிய ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். துரையின் கண் கலங்கிற்றாம். யாரோ ஒருவர் பயணத்தை நிறுத்தியதால் ஓர் இடம் இருந்தது. கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மிஷனும் சும்மா இருக்கவில்லை. அந்த ஊர்த் தேவாலயத்தோடு தொடர்புகொண்டு, ஆற்றோரத்துக் கிழவிகளின் வீட்டு வரிசையில் ஓர் அறை மிஸ்ஸுக்கு ஒழுங்குசெய்தார்கள். அதைக் கேட்டதும் மிஸ்ஸின் முகம் வெளிறியது. தேவாலயத்தில் தனி வாங்கில் இருத்தப்பட்ட அந்தக் கிழவிகளைச் சின்ன வயதில் தானும் மற்றப் பிள்ளைகளும் திரும்பித் திரும்பிப் பார்த்ததாக எனக்குத் தனியாகச் சொன்னார். வெள்ளம் வந்தால் முதலில் நனைவது அந்த அறைகள்தானாம். அப்பாவுக்கோ வானத்தில் பறப்பது போலிருந்தது.

“ஆத்தங்கரையில வீடு, பிள்ளை. ஜன்னலைத் துறந்தா ஆறு. குடுத்துவச்ச மனுசி.”

லேன் முழுக்கச் செய்தி பரவியது. மிஸ் ஊருக்குப் போகிறா. ஊருக்குப் போகிறவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லையே. பருத்தித்துறை வடை, எள்ளுப்பாகு, பனங்கட்டிக் குட்டான், குளிருக்கு நல்லது என்று அரைத்த மிளகாய்த் தூள். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி பார்சல்களால் நிறைந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் மிஸ்ஸின் கையைப் பிடித்து, உங்களுக்கு இனிச் சந்தோஷம் என்றார்கள். மிஸ் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்.

நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். இரவுச் சாப்பாட்டின்போது, இருவரையும் வைத்துக்கொண்டே, அப்பா, மிஸ்ஸுக்குப் போக விருப்பமில்லை, இப்போதாவது அவரிடமே கேளுங்கள் என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். அப்பா சாப்பிட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தார். உண்மையா என்று கேட்டார்.

மிஸ் என்னைப் பார்த்தார். மேசையின் மறுபாதியில் குவிந்துகிடந்த பார்சல்களைப் பார்த்தார். ஒரு கணம் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“உங்கள் மகளுக்கு என்மேல் மிகவும் அன்பு” என்றார். “இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறீர்கள். போவதில் எனக்கு மிக்க மகிழ்ச்சி.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “பாத்தியோ?” என்றார். எழுந்து கையைக் கழுவப் போனேன். அவர்கள் இரண்டு பேரையும் அந்த மேசையிலேயே விட்டுவிட்டு எங்காவது போய்ப் படுத்துத் தூங்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

கப்பல் நடுத் துறைமுகத்தில் நின்றது. பயணிகளைக் கரையிலிருந்து சிறு மோட்டார் லோஞ்சில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். பெரிய பெட்டியும் பார்சல்களும் காலையிலேயே கப்பலுக்குப் போய்விட்டன. எங்கள் நண்பர் கந்தோரிலிருந்து வந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமலே கவனித்தார். இறங்குதுறையில் வெயில் கொளுத்தியது. மிஸ் தொப்பியும் கையுறையும் போட்டிருந்தார், இங்கே நாங்கள் ஒருநாளும் கண்டிராத கம்பளிக் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்தார்.

ஏறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மிஸ் என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு அப்பாவுக்குக் கைகொடுத்தார்.

“இனி உங்களுடைய ஆற்றைப் பார்க்கலாம்” என்றார் அப்பா.

மிஸ் சிரித்தார். போவது நிச்சயமாகிவிட்டதால் வந்த ஒரு தைரியம் அந்தச் சிரிப்பில் இருந்தது. இனி என்ன சொன்னாலும் அது இருக்க இடம் கேட்பதாக ஆகாது.

“நீங்கள் எனக்கு மிகவும் நல்லவராக இருந்தீர்கள். ஆனால் இவ்வளவு தூரம் அலைந்திருக்க வேண்டியதில்லை” என்றார். “அறை தேவை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் இந்த லேனிலேயே, மீன்காரன் வரும் தூரத்தில், வேறு ஓர் அறை பார்த்திருப்பேன்.”

“அறையா?” என்றார் அப்பா. “எந்த அறை?”

மிஸ் அவரை உற்றுப் பார்த்தார். அப்பாவுக்குப் பொய் முகம் வராது, எல்லாம் வெளியே தெரியும். அவருடைய முகத்தில் இருந்ததைப் பார்த்ததும் மிஸ்ஸின் சிரிப்பு நின்றது. லோஞ்சுக்காரன் அவருடைய முழங்கையைப் பிடித்து இறக்கினான். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் நெருக்கிக்கொண்டு ஏறியது. மிஸ் ஓரத்தில் இருந்துகொண்டு எங்களையே பார்த்தபடி இருந்தார். அப்பா படியின் விளிம்புவரை போனார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவருடைய ஆங்கிலம் கந்தோர் ஆங்கிலம், முன்கூட்டியே கோத்து வைத்தால்தான் வரும். லோஞ்ச் திரும்பி, கரியெண்ணெய் மிதந்த தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. குடையை விரிக்காமலே அப்பா வெயிலில் நின்றார். எங்கள் நண்பர்தான் வந்து, வாங்க சேர் என்று கூட்டிப்போனார்.

கோட்டையில் வெள்ளவத்தை ரயிலேறினோம். மத்தியான வண்டி, கூட்டமில்லை. அப்பா ஜன்னலோரம் இருந்தார். கடல் கூடவே வந்தது. கொள்ளுப்பிட்டி போனது, பம்பலப்பிட்டி போனது. அவர் குடையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் பிள்ளை, அவவுக்கு இங்க இருக்கத்தான் விருப்பம் எண்டு நீ எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டார்.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே கேட்டார். கோபித்துக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

“சொன்னனான், அப்பா” என்றேன்.

வெள்ளவத்தையில் வண்டி நின்றபோது அவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன்.